ஊருக்கு வைத்தியம்

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். நோய் வந்தபின் மருந்துக்குச் செலவிடுவதிலும், நோய் வராதபடி உணவுக்குச் செலவிடுதல் நன்று என்பது அதன் கருத்து. நல்ல அறிவுரைதான். ஆயினும் அதைச் சொன்னவன் மடியிற் கொஞ்சம் காசு இருந்திருக்க வேண்டும். வைத்தியனுக்கும் கொடுக்க இல்லாதவன், வாணியனுக்கும் கொடுக்க இல்லாதவன் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பழமொழியில் விடை இல்லை.

வள்ளுவர் இக்கேள்வியின் பக்கம் வந்திருக்கிறார் என்றே எமக்குத் தோன்றுகிறது. மருந்து என்னும் அதிகாரத்தில் அவர் நோயாளியையும், வைத்தியனையும், மருந்தையும், அருகே நின்று பணிசெய்பவனையும் வைத்துப் பேசுகிறார். அங்கே கருதப்படுவது ஓர் உடல். நாடு என்னும் அதிகாரத்துக்கு வரும்போதோ, நாட்டுக்கு அணியாவன ஐந்தென எண்ணத் தொடங்கி, முதலாவதாகப் பிணியின்மையை வைக்கிறார். செல்வமும் விளைச்சலும் அதற்குப் பின்னரே வருகின்றன. வகுப்பிலே இவ்விரு அதிகாரங்களையும் வெவ்வேறு தவணைகளிற் படிப்பிக்கிறோம். பரீட்சைக்கு அது போதும். அருகருகே வைத்துப் படித்தால், ஒருவனுக்குச் செய்யும் வைத்தியத்தோடு ஊருக்குச் செய்யும் வைத்தியம் என்றொன்றும் உண்டென்பது புலப்படும். இந்த இரண்டாவது வைத்தியத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

ஊருக்கு வைத்தியம் செய்ய முற்படுபவர்கள் முதலிற் செய்யவேண்டியது என்ன? ஆஸ்பத்திரி கட்டுவதென்று பலர் நினைக்கின்றனர். தேர்தல் மேடைகளிலும் அதுவே சொல்லப்படுகிறது. கட்டிடமென்றால் கல் நாட்டலாம், நாடா வெட்டலாம், படம் பிடிக்கலாம். ஆனால் கட்டிடத்துக்கு முன் செய்யவேண்டிய வேலையொன்று உண்டு. ஊரில் யார் யார் இருக்கின்றனர் என்று ஒருவர் விடாமல் எழுதிக்கொள்வதே அது.

கம்பளையிலிருந்து புசல்லாவைக்கோ, நாவலப்பிட்டிக்கோ, தொலஸ்பாகைக்கோ எந்தப் பாதையிற் போனாலும் மூவகை மக்களைக் காணலாம். கடைவீதியைச் சூழ்ந்து வாழும் முஸ்லிம்களும் தமிழரும், வயற்கரைகளில் சிங்களக் கிராமத்தவர்கள், அவற்றுக்கு மேலே மலைச்சரிவுகளில் லயங்களிலே தோட்டத் தொழிலாளர்கள். நோய் கண்டால் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறி நகரத்து ஆஸ்பத்திரிக்கு வருகின்றனர். அங்கே வந்து நிற்பவர்களை எண்ணுவது எளிது. சீட்டு எழுதுபவரே எண்ணிவிடுவார். இன்று நானூறு பேர் வந்தனர் என்று அவர் சொன்னால், அது அன்றைய வேலைப் பளுவின் கணக்கு. நீரிழிவுக்கு மருந்தெடுக்க வரும் நூறு பேர், அந்நோயுள்ள நூற்றிருபது பேரில் நூறா, அறுநூறு பேரில் நூறா என்பதை அந்த வரிசை சொல்லாது. கணிதம் படிப்பிக்கும் எமது நண்பரின் பாஷையிற் சொன்னால், தொகுதியெண் தெரிகிறது, பகுதியெண் தெரியவில்லை. பகுதியெண் இல்லாத பின்னத்தை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கைச் செய்வது?

இந்தப் பகுதியெண்ணைத் தேடி எடுத்ததுதான் இலங்கையின் பொதுச் சுகாதாரம் செய்த பெருங்காரியம். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. குறித்ததோர் எல்லை, அதற்குள் வாழும் மக்கள், அம்மக்கள் அனைவருக்கும் பொறுப்பான ஒரு வைத்திய அதிகாரி, அவருடன் பரிசோதகர்களும் மருத்துவ மாதரும் என்பதே ஏற்பாடு. நோயாளிக்குப் பொறுப்பு என்று இருந்த நிலைமாறி, எல்லைக்குள் வாழும் சுகதேகிகளுக்கும் சேர்த்துப் பொறுப்பு என்றாகியது. இன்று நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாகப் பரந்திருப்பது இதே ஏற்பாடுதான். ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல மாது என்பது கணக்கு. மிட்வைப் மிஸி என்று ஊரார் அழைக்கும் அவளுடைய பையிலே ஒரு பதிவேடு உண்டு. எந்த வீட்டில் மணமான பெண் இருக்கிறாள், யார் கருவுற்றிருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். கிளினிக்குக்கு வராத கர்ப்பிணியின் பெயருக்கெதிரே வெற்றிடம் விழும். அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவள் குடையை எடுத்துக்கொண்டு வீடு தேடிப் புறப்படுவாள். வராதவளைத் தேடிப் போவதற்கென்று ஒருத்திக்குச் சம்பளம் கொடுப்பதிலேதான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது.

பயன் சிறிதன்று. மலேரியா வாட்டிய 1935ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் முதலாண்டு நிறையுமுன் இறந்தனர். 1946இல் அத்தொகை 141. இன்று அது பத்துக்கும் கீழே. இதற்கு இலவசக் கல்வி, அரிசிப் பங்கீடு, பெண்கள் படித்தமை முதலிய காரணங்களும் உண்டு. மருத்துவ மாதின் தலையில் மட்டும் கிரீடத்தைச் சூட்டுவதற்கில்லை. குறைந்த செலவில் நிறைந்த சுகாதாரம் என்று றொக்பெல்லர் நிறுவனத்தினர் 1985இல் வெளியிட்ட அறிக்கை, சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையையும் உலகுக்கு எடுத்துக்காட்டியது.

எழுதிவைத்தால் மட்டும் போதாது, பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை மலேரியா எமக்கு இருமுறை படிப்பித்தது. 1934இல் மழை பொய்த்தது. மகாவலி, மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டங்குன்றிக் குட்டைகளாயின. நீர் ஓடுகையிற் பிழைக்க முடியாத நுளம்புக் குடம்பிகள் அக்குட்டைகளிற் பெருகின. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பக்கங்களில் ஊர்கள் வெறிச்சோடின. சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தோடு பருப்பும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர்; கலாநிதி என். எம். பெரேராவைப் 'பருப்பு மாத்தயா' என்றே மக்கள் அழைக்கலாயினர். பட்டினி கிடந்த உடலில் கொயினா மட்டும் என்ன செய்துவிடும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர்.

இரண்டாவது பாடம் வெற்றிக்குப் பின் வந்தது. 1946 முதல் டி.டி.ரீ. தெளித்ததன் பயனாக, 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேரே. பதினேழு பேருக்காக இத்தனை செலவா என்று கணக்குப் பார்த்தனர் போலும். தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பிறகு மலேரியாவை ஒழிக்க நாற்பதாண்டுகளுக்கு மேல் சென்றது. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளி 2012இல் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

இனி எமது மலைக்கு வருவோம். இந்நாட்டிலே மிக நுட்பமாகப் பேரெழுதி வைக்கப்பட்ட மக்கள் கூட்டம் ஒன்று உண்டென்றால், அது தோட்டத் தொழிலாளரே. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நின்றவர் யார், நில்லாதவர் யார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தனர் என்பதெல்லாம் செக்றோலில் நாள்தோறும் ஏறும். ஒரு நாட் சம்பளத்துக்கே தோட்டத்திற் 'பேர்' என்று பெயர். குறித்த நிறை எடுத்தவளுக்கு முழுப்பேர்; எடுக்காதவளுக்கு அரைப்பேர். தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நாம் பல ஆகுபெயர்களைப் படித்திருக்கிறோம். ஓர் ஆளின் பெயரையே ஒரு நாட் கூலிக்கு ஆக்கிவைத்த இந்த ஆகுபெயருக்கு நன்னூலில் எந்த வகையிலே இடம் தேடுவதென்று எமக்குப் புலப்படவில்லை.

கிராமத்தவனுக்குச் சுகாதாரப் பகுதி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கூலிக்கு வைத்தியச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பாதையோரத்திலேயே மாண்டனர். வந்து சேர்ந்தவர்களும் தோட்டங்களிலே மடிந்துகொண்டிருந்தனர். அதன் பின்னரே, 1872இல், குடிபெயர்ந்த தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கான சட்டம் பிறந்தது. 1912இல் அது விரிவாக்கப்பட்டது. தோட்டந்தோறும் மருந்துச்சாலையும், பிள்ளைக் காம்பராவும் தோன்றலாயின. இவற்றை இல்லையென்று சொல்வது நன்றியன்று. ஆயினும் சட்டம் கண்டது ஆளையா, அடுத்த நாட் பிரட்டுக்கு வரவேண்டிய கையையா என்று கேட்காமலும் இருக்க முடியாது.

கொக்கிப்புழுவின் கதையைப் பாருங்கள். 1916இல் றொக்பெல்லரின் சர்வதேச சுகாதாரச் சபையினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். வெறுங்காலுடன் நிற்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. தொழிலாளரை வரிசையில் நிறுத்தி மருந்தைப் புகட்டினர். புழு வெளியேறியது; சோகை நீங்கியது. சில மாதங்களிற் பழைய புழுக்களுக்குப் பதிலாகப் புதிய புழுக்கள் வந்தன. மலசலகூடங்கள் இல்லாத லயங்களிலே நிலம் மாறவில்லை. மருந்து கொடுக்கும் செலவை வெளியார் ஏற்றுக்கொண்டனர். மலசலகூடம் கட்டும் செலவோ தோட்டக்காரருடையது. அதிலே பலருக்கு அவசரமிருக்கவில்லை. ஒவ்வொருவர் வயிற்றையும் தனித்தனியே சுத்தம் செய்து ஊரைச் சுகப்படுத்திவிடலாம் என்ற எண்ணம் எமது மலையிலேயே நூறாண்டுக்கு முன்பு பரிசோதிக்கப்பட்டுத் தோற்றுப்போனது.

1948இல் குடியுரிமை பறிபோனபோது, நாட்டின் ஏட்டிலிருந்து தோட்ட மக்களின் பேர் நீங்கியது. செக்றோலில் மட்டும் நீங்கவில்லை. கிராமங்களில் மருத்துவ மாது வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்துச் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பென்றே விடப்பட்டிருந்தது. அரிசி அருமையாகிய 1973, 1974ஆம் ஆண்டுகளிலே நாட்டின் மரண வீதம் ஏறியபோது தோட்டங்களிலேயே அது மிக ஏறியது. 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களினால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை தொண்ணூறுகளில் தொடங்கி மிக மெதுவாகவே நடந்தது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக்கான சட்டம் 2003இல் வந்தது. இந்தத் தாமதத்தின் அளவு பிள்ளைகளின் உயரத்திலே தெரிகிறது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாப் பிள்ளைகள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம், தோட்டப் பகுதியில் 31.7 வீதம். உலகம் மெச்சிய சராசரிக்குள்ளே இந்த இரண்டாவது எண்ணும் அடக்கம்.

புள்ளிவிபரத்தை விட்டு எமது வகுப்புக்குள்ளே வருவோம். பத்தாந் தரப் பிள்ளைகளைப் பரிசோதிக்கச் சுகாதாரப் பகுதியினர் வந்த நாள் அது. நிறை பார்த்து, உயரம் அளந்து, கண்ணிமையைத் தாழ்த்திச் சோகை பார்த்து, வேலை மளமளவென்று நடந்தது. இடாப்பில் நாற்பத்தொரு பேர். வந்திருந்தவர்கள் முப்பத்துநான்கு பேர். பரிசோதகர் ஒரு சிங்களவர். எம்மைவிட வயதில் மூத்தவர். முடிவில் தம் தாளை மடிக்காமலே, "சேர், வராத பிள்ளைகள் யார்? அவங்க பேரை முதல்ல தாங்க" என்றார். நாம் ஏழு பேரைச் சொன்னோம். ஏழில் ஐந்து பேர் மேற்கணக்குப் பிள்ளைகள். மழை பெய்தால் பாதை இல்லை. ஒருத்தி, தாய் மலைக்குப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்பவள். "இந்தப் பிள்ளைகள்தான் மெலிந்திருக்கும். வந்தவங்களை மட்டும் எழுதிக்கொண்டு போனா உங்க வகுப்பு நல்ல வகுப்பு" என்று அவர் சிரித்தார். வேறொரு நாள் குறித்துக்கொண்டு, அந்த ஏழு பேருக்காகத் திரும்பவும் வந்தார். பல்கலைக்கழகத்தில் எவரும் எமக்கு விளக்காத பகுதியெண்ணை அவர் அந்த ஒரு கேள்வியில் விளக்கிவிட்டார்.

அவ்வேழு பேரில் ஒருத்தியின் தாயைப் பின்னர் லயத்திற் சந்தித்தோம். அவருக்குக் களைப்பு, தலைச்சுற்று. கிளினிக்குக்கு ஏன் போகவில்லை என்று விசாரித்தபோது அவர் சொன்னார்: "கிளினிக்குக்குப் போனா அன்னைக்குப் பேர் போயிரும் சேர். பஸ்ஸுக் காசும் குடுக்கணும். நின்னுபோற வருத்தமா இது?" வைத்தியம் இலவசந்தான். ஆனால் அதைப் பெறும் விலை ஒரு பேரும் பஸ் கட்டணமும். வேலை நாளிற் காலை எட்டு மணி முதல் நடக்கும் கிளினிக்கிலே, மாதச் சம்பளக்காரராகிய நாம் அரை நாள் லீவில் போய் வந்துவிடுகிறோம். நாட்கூலிக்காரருக்கு லீவு என்று ஒன்று உண்டா? நாற்பது வயது கடந்தவர்களின் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்ப்பதற்கு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்தனர். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கும் வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள், ஆண்கள் வேலைத்தலத்தில். ஆண்களுக்கு அக்கறை இல்லை என்று குறைசொல்லுமுன் கதவு எந்நேரத்தில் திறந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

தென் வேல்ஸ் நாட்டிலே கிளின்கோரக் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்றொரு வைத்தியர் பணியாற்றினார். வைத்திய வசதி எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற கருத்தை 1971இல் எழுதி, அதை ஒரு விதியென்றே பெயரிட்டவர் அவர். எழுதியதோடு நிற்கவில்லை. தம்மிடம் பதிந்திருந்த ஊரவரின் பெயர்களை வைத்துக்கொண்டு, நோயென்று வந்தவர், வராதவர் என்ற வேறுபாடின்றி வயதுவந்தோர் ஏறக்குறைய எல்லோருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்தார். சுரங்கத் தொழிலாளர் வேறொரு காரியத்துக்கு வந்தாலும் கையை நீட்டச் சொன்னார். வராதவர்களைத் தேடிப் போனார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1991இல், அயலூரோடு ஒப்பிட்டுத் தம் ஊரில் இளவயது மரணம் குறைந்திருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவரிடம் விசேட கருவி எதுவும் இருக்கவில்லை. இருந்தது பெயர்ப்பட்டியல்.

எம் நாட்டில் தாய்க்கும் சேய்க்கும் அப்பட்டியல் உண்டு. நீரிழிவுக்காரருக்கும் அழுத்தக்காரருக்கும் இல்லை. அவர்கள் இன்று இங்கே சீட்டெடுப்பர். நாளை பேராதனைக்குப் போவர். மறுநாள் தனியார் வைத்தியரிடம் காசு கொடுப்பர். அவர்கள் மருந்தை நிறுத்திவிட்டால் அது யாருடைய ஏட்டிலும் வெற்றிடமாக விழாது. குடும்பங்களை அண்மையிலுள்ள வைத்தியசாலையிற் பதிந்து தொடர்ந்து கவனிக்கும் திட்டமொன்று அண்மைக் காலத்திலே தொடங்கப்பட்டிருக்கிறது. அது மலையேறி லயம்வரை வருமா என்பதே எமது கவலை.

வந்தாலும் எந்தப் பாஷையில் வரும்? இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கக்கூடாது. தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடலிற் சேரவிடாது. இதை நாள் முழுவதும் வெறுந்தேநீர் குடித்துக் கொழுந்தெடுப்பவளுக்குச் சொல்லவேண்டும். சொல்ல வேண்டியவள் குடும்பநல மாது. அவளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் மாத்திரை கைமாறும், செய்தி மாறாது. எம் பகுதியிற் பணிசெய்யும் சிங்கள மாதர் சிலர் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, வெற்றிலை போடும் கிழவிகளோடு வாய்ப்புற்று நோயைப் பற்றி வாதாடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் போற்றுதற்குரியவர்கள். ஆயினும் அது அவரவர் நல்லெண்ணத்தைப் பொறுத்த காரியமாக விடப்படலாமா?

1848இல் மேற் சிலீசியாவிற் பரவிய காய்ச்சலை ஆராயப் பிரஷ்ய அரசாங்கம் ருடோல்ப் விர்ச்சோ என்ற இளம் வைத்தியரை அனுப்பியது. அவருக்கு வயது இருபத்தாறு. பசியால் வாடிய அவ்வூரார் போலிஷ் மொழி பேசுபவர்கள். ஆட்சியாளர் மொழியோ ஜேர்மன். அவர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டில் ஜனநாயகம் இருந்தது. கல்வி, பாதை, நியாயமான வரி ஆகியவை இருந்தன. மக்களின் சொந்த மொழிக்கும் இடம் இருந்தது. அரசாங்கம் அதை விரும்பவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எமது மலைக்கு அத்தகைய சீட்டொன்றை எழுதுவதென்றால், அதிலே பாடசாலைக்கும் ஒரு வரி உண்டு. குடும்பநல மாதாகப் பயிற்சி பெற உயர்தரம்வரை வரவேண்டும். தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவில் சித்தியும் வேண்டும். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் சிலவே. சாதாரணதரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல பேறு பெறும் பிள்ளைகள், அயலில் விஞ்ஞான வகுப்பு இல்லாமையால் கலைப்பிரிவிலே எமது தமிழ் வகுப்பில் வந்து உட்காருகின்றனர். தமிழ் ஆசிரியராகிய நாம் இதில் மகிழ்ச்சியடைய முடியவில்லை. பதிவேட்டுடன் லயத்துக்கு ஏறிப்போகத் தமிழ் தெரிந்த மாது இல்லையே என்று அலுவலகங்கள் முறையிடுகின்றன. அவள் எங்கே நின்றுபோனாள் என்பது எமது இடாப்பிலே எழுதியிருக்கிறது.

சென்ற ஆண்டு எம்மிடம் கலைப்பிரிவிற் படித்து முடித்த தோட்டத்துப் பெண்ணொருத்தி, மிட்வைப் பயிற்சி பற்றி விசாரித்துக்கொண்டு அண்மையில் வந்தாள். வர்த்தமானியில் அறிவித்தல் எப்போது வரும், தமிழில் வருமா, களுத்துறையிலா கண்டியிலா தங்கவேண்டியிருக்கும் என்றெல்லாம் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னோம். தாய்க்கு அவள் பயிற்சிக்குப் போவதில் விருப்பம். தகப்பனுக்குக் கொழும்பிலே துணிக்கடையில் விட்டுவிடலாமென்ற எண்ணம், அங்கே மாதம் பிறந்தால் காசு. வருகிற ஞாயிறு தகப்பனைச் சந்திக்கப் போவதாக இருக்கிறோம். அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை.